லியர்ஜெட் 23 பிறந்த கதை: ஸ்விஸ் போர் விமானத்துலேர்ந்து எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ வரல

கேட்ட கேள்வி இதுதான்: "லியர்ஜெட்ங்கிறது சுவிட்சர்லாந்து வேணாம்னு தூக்கிப்போட்ட ஒரு ஃபைட்டர் விமானத்துக்கு ஜன்னலும் சீட்டும் வச்சு வித்ததுதானே? அதனாலதான் ஆரம்பத்துல அவ்ளோ விழுந்துச்சா?"

ரெண்டுக்கும் சுருக்கமா முதல்லயே சொல்லிடுறேன். லியர்ஜெட் 23ங்கிறது கம்பெனி முதலாளிங்க போக வர 60-கள்ல செஞ்ச சின்ன ஜெட், அதோட இறக்கை அமைப்பு அங்கேர்ந்து வந்தது உண்மை, சக்கரம் பக்கமும் கொஞ்சம் யோசனை வந்துச்சு, அவ்ளோதான், மத்தபடி உடம்பு, வால், எஞ்சின், கேபின் எல்லாமே புதுசு. விழுந்ததுக்கும் அந்த ஸ்விஸ் விமானத்துக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி, அதுக்கு காரணம் வேற, கீழ விரிவா வரும். நான் விமான மெயின்டனன்ஸ் ஆளு, வளைகுடா பக்கம் ஒரு ஹேங்கர்ல சில வருஷம் லியர்ஜெட் 35-ல வேலை பாத்திருக்கேன். அது 23-க்கு தம்பி மாதிரி, அந்த கதவு, அந்த இறக்கை, இறக்கை நுனியில இருக்குற அந்த எரிபொருள் டேங்க் (டிப் டேங்க்) எல்லாம் அதே வம்சம். அதனால இந்த விமானம்னா எனக்கு தனி பாசம், பதில் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு திருத்தம். லியர்ஜெட்தான் முதல் பிசினஸ் ஜெட்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது சரி கிடையாது. லாக்ஹீட் ஜெட்ஸ்டார் 1957 செப்டம்பர்லயே பறந்துருச்சு, நார்த் அமெரிக்கன் சேபர்லைனர் 1958-ல. ரெண்டுமே அமெரிக்க விமானப்படைக்கு சின்ன ஜெட் வேணும்னு கேட்டப்ப அதுக்காக செஞ்சது, அப்புறமாத்தான் கம்பெனிக்காரங்களுக்கு வித்தாங்க. அதுக்கும் முன்னாடி பிரான்ஸ்ல மொரான் சோல்னியே பாரிஸ்னு நாலு பேர் உக்கார்ற ஒரு குட்டி ஜெட் 1954-ல பறந்துச்சு, அமெரிக்காவுல பீச்கிராஃப்ட் அத கொண்டு வந்து காட்டிப் பாத்தாங்க, போணியாகல. ஜெட்ஸ்டார் எடுத்துக்கிட்டா நாலு எஞ்சின், எடை 40,000 பவுண்டு சொச்சம், பெரிய பெரிய கம்பெனிங்கதான் கிட்ட போக முடியும். நடுத்தர கம்பெனி முதலாளிங்க எல்லாம் அப்ப பிஸ்டன் எஞ்சின் விமானத்துலதான் போய்ட்டு இருந்தாங்க, அதுலயும் நிறைய ரெண்டாம் உலகப்போர் காலத்து பழசு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்கு, அங்க ஒரு சின்ன, வேகமான, விலை கம்மியான ஜெட் வந்தா விக்கும்னு அடிச்சு சொன்ன ஆளுதான் பில் லியர்.

வில்லியம் பவல் லியர், 1902-ல மிசௌரி மாநிலம் ஹானிபால்ல பிறந்தவரு. எட்டாம் கிளாஸோட படிப்ப விட்டவரு, ஏரோநாட்டிகல் டிகிரி எல்லாம் கிடையாது, ஆனா பேர்ல நூத்துக்கும் மேல பேட்டன்ட் இருக்கு. கார் ரேடியோ வந்த காலத்துல மோட்டோரோலாவோட தொடக்கத்துல இவர் கை இருக்கு, ஜெட் விமானத்துக்கு ஆட்டோபைலட் செஞ்சதுக்கு கோலியர் டிராஃபிங்கிற பெரிய அமெரிக்க விமான விருது வாங்கினவரு, பின்னாடி கார்ல போடுற 8 டிராக் டேப் பிளேயரும் இவர் கம்பெனியில வந்ததுதான். 50-கள்ல லாக்ஹீட் லோட்ஸ்டார்ங்கிற பழைய பயணிகள் விமானத்த வாங்கி அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு, காத்து தடுக்குற இடத்தை எல்லாம் சீவி, லியர்ஸ்டார்னு பேர் வச்சு முதலாளிங்களுக்கு வித்தாரு. அதுலேர்ந்துதான் அவருக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு, இந்த ஆளுங்களுக்கு வேகம்தான் முக்கியம், வேகத்துக்கு காசு குடுப்பாங்க.

இப்ப ஸ்விஸ் கதைக்கு வர்றேன், இதுதான் கேள்வியோட மையம், அதனால இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன்.

சுவிட்சர்லாந்து ஆஸ்திரியா எல்லையில கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில ஆல்டென்ரைன்னு ஒரு ஊரு. அங்க இருந்த எஃப்.எஃப்.ஏ.ங்கிற கம்பெனி 50-கள்ல பி-16னு ஒரு தாக்குதல் விமானம் செஞ்சாங்க, டிசைன் பண்ணவரு ஹான்ஸ் லூசியஸ் ஸ்டூடர். ஸ்விஸ் நாட்டோட நிலைமைய யோசிச்சுப் பாருங்க, எங்க பாத்தாலும் மலை, பள்ளத்தாக்குக்குள்ள சின்ன சின்ன ரன்வே, அங்கேர்ந்து குண்டோட கிளம்பணும், சட்டுனு திரும்பணும், வந்து குட்டி ரன்வேல இறங்கணும். அதுக்காக ஸ்டூடர் போட்ட இறக்கை ஒரு தனி ரகம். ரொம்ப மெல்லிசு, ஆனா உள்ள ரெண்டு மூணு ஸ்பாருக்கு (இறக்கையோட நீளத்துக்கு ஓடுற உத்தரம்) பதிலா வரிசையா நிறைய ஸ்பார் ஓடும், அதனால மெல்லிசா இருந்தாலும் இரும்பு மாதிரி கெட்டி. பின்சாய்வு கொஞ்சம்தான். நுனியில டிப் டேங்க். இறங்குற வேகத்த குறைக்க முன் ஓரத்துலயும் பின் ஓரத்துலயும் நல்ல பெரிய ஃபிளாப்புங்க. வேகமாவும் போகும், மெதுவாவும் அடங்கி வரும், ரெண்டும் ஒரே இறக்கையில கிடைக்கிறது சாதாரண விஷயம் கிடையாது.

1955 ஏப்ரல்ல முதல் பி-16 பறந்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல எரிபொருள் சிஸ்டம் கோளாறுல ஏரியில விழுந்துருச்சு, பைலட் குதிச்சு தப்பிச்சாரு. இருந்தும் அரசாங்கம் 100 விமானத்துக்கு ஆர்டர் குடுத்துச்சு. 1958 மார்ச்ல இன்னொண்ணு, இந்த தடவை ஹைட்ராலிக் பிரச்சனை, அதுவும் அதே ஏரிக்குள்ள, பைலட் இப்பவும் பொழச்சாரு. அரசியல்ல பெரிய சத்தம், ஆர்டர் கேன்சல், பதிலுக்கு பிரிட்டன்லேர்ந்து 100 ஹாக்கர் ஹன்டர் வாங்கிட்டாங்க. ஊர்ல பி-16-ஐ ஸ்விஸ் நீர்மூழ்கினு கிண்டல் பண்ணாங்களாம். எனக்கு இதப் படிக்கும்போதெல்லாம் வருத்தமா இருக்கும், விழுந்த ரெண்டு தடவையும் இறக்கையில ஒரு குத்தமும் இல்ல, ஒண்ணு எரிபொருள், இன்னொண்ணு ஹைட்ராலிக், ரெண்டுமே சரி பண்ணக்கூடிய சங்கதி. மொத்தமே அஞ்சு விமானத்தோட அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சு போச்சு.

லியர் அந்த சமயம் ஐரோப்பாவுல இருந்தாரு, ஜெனீவாவுல அவர் கம்பெனிக்கு ஒரு கிளை ஓடிட்டு இருந்துச்சு. அவரோட மூத்த மகன் பில் ஜூனியரும் பைலட்டு, அவரு பி-16-ஐ ஓட்டிப் பாத்துட்டு வந்து அப்பாகிட்ட புகழ்ந்து தள்ளியிருக்காரு. லியருக்கு பொறி தட்டிருச்சு. ஏற்கனவே டெஸ்ட் பண்ணி நிரூபிச்ச இறக்கை இருக்கு, அத செய்யத் தெரிஞ்ச ஆளுங்க ஆர்டர் இல்லாம சும்மா இருக்காங்க, இதுக்கு மேல என்ன வேணும்? 1960-ல ஆல்டென்ரைன்லயே ஸ்விஸ் அமெரிக்கன் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி தொடங்கினாரு, சுருக்கமா எஸ்.ஏ.ஏ.சி. விமானத்துக்கு பேரு எஸ்.ஏ.ஏ.சி. 23. லியர்ஜெட் 23ல அந்த 23 வந்தது இங்கேர்ந்துதான்.

இப்ப கேட்டதுக்கு நேர் பதில். பி-16 ஒத்தை எஞ்சின், ஒத்தை சீட்டு விமானம், எஞ்சின் உடம்புக்குள்ள இருக்கும். லியர்ஜெட்ல ரெண்டு எஞ்சின், உடம்புக்கு வெளிய வால் பக்கத்துல தொங்கும், உள்ள அஞ்சாறு பேர் உக்காரணும், கேபின்ல காத்தழுத்தம் வேணும். அதனால பி-16 உடம்ப அப்படியே எடுத்து வச்சுக்க வழியே கிடையாது. எடுத்துக்கிட்டது இறக்கையோட வடிவமும் அந்த பல ஸ்பார் கட்டுமானமும் டிப் டேங்க்கும், சக்கரம் பக்கம் கொஞ்சமும்தான். லியர்ஜெட் இறக்கைக்குள்ள எட்டு ஸ்பார் ஓடும், இவ்ளோ சின்ன விமானத்துக்கு அது அதிகம்தான், ஆனா அதனாலதான் 60 வருஷம் கழிச்சும் அந்த இறக்கை உழைக்குது. வால் முதல்ல சிலுவை மாதிரி நடுவுல குறுக்கு வச்சதாத்தான் வரைஞ்சிருந்தாங்க, பின்னாடி அத மேல ஏத்தி டி வடிவ வாலா மாத்துனாங்க. உடம்ப எஞ்சின் இருக்குற இடத்துல இடுப்பு மாதிரி கொஞ்சம் உள்வாங்க வச்சாங்க, எஞ்சினும் உடம்பும் சேர்ற இடத்துல காத்து நெருக்கியடிக்காம போறதுக்காக. போர் விமானம் மாதிரி தெரியுதேனு ஜனங்க சொல்றதுக்கு இந்த இடுப்பும் டிப் டேங்க்கும் கூர்மூக்கும்தான் காரணம், ரத்த சொந்தம் இறக்கையோட சரி.

திட்டப்படி இறக்கைய எஃப்.எஃப்.ஏ. செய்யணும், உடம்பும் வாலும் ஜெர்மனியில ஹைன்கல் செய்யணும், சுவிட்சர்லாந்துல பூட்டணும். வேலை நகரவே இல்ல. ஒரு முடிவு மூணு நாட்டுக்கு சுத்தி வரணும், லியரோ காலையில சொன்னது சாயங்காலம் முடிஞ்சிருக்கணும்னு நினைக்கிற ரகம். இன்னொரு பக்கம் அமெரிக்காவுல அவரே தொடங்கின லியர் இன்கார்ப்பரேட்டட்ல போர்டு மெம்பர்ங்க இந்த ஜெட் பைத்தியத்துக்கு கம்பெனி காசு தரமாட்டோம்னுட்டாங்க. அவர் செஞ்சத பாருங்க, தன்னோட மொத்த பங்கையும் 1962-ல சீக்லர்ங்கிற கம்பெனிக்கு வித்துட்டாரு, அந்த கம்பெனி லியர் சீக்லர் ஆயிருச்சு, கைக்கு வந்த ஒரு கோடி டாலருக்கு மேல இருந்த பணத்தோட அறுபது வயசுல புதுசா தொழில் தொடங்க கிளம்பிட்டாரு. ரிட்டையர் ஆகுற வயசு அது.

கன்சாஸ் மாநிலம் விசிட்டா ஊர்ல செஸ்னா, பீச், போயிங் மூணுமே இருந்துச்சு, ரிவெட் அடிக்கத் தெரிஞ்ச கைங்க ஊர் முழுக்க. விசிட்டா நகரமும் பாண்டு போட்டு பணம் திரட்டி குடுத்துச்சு. 1962 ஆகஸ்ட்ல ஏர்போர்ட் ஓரம் தொழிற்சாலைக்கு மண்ணு தோண்டினாங்க, ஐரோப்பாவுல செஞ்சு வச்ச டூலிங் (பாகங்கள செய்யுற அச்சு, ஜிக்கு எல்லாம்) எல்லாத்தையும் கப்பல்ல ஏத்தி கொண்டு வந்தாங்க, 1963 பிப்ரவரியில முதல் விமானத்த பூட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கட்டிடம் எழும்பி ஆறு மாசம் கூட ஆகல.

இங்க லியர் ஒரு சூதாட்டம் ஆடினாரு, என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த கதையிலயே பெரிய முடிவு இதுதான். பொதுவா புது விமானம்னா முதல் ஒண்ணு ரெண்டு ப்ரோட்டோடைப்ப கையாலயே செய்வாங்க. பறந்து பாத்து, தப்பு கண்டுபிடிச்சு, வெட்டி ஒட்டி, எல்லாம் சரியானதுக்கு அப்புறம்தான் ஜிக்கு, அச்சு எல்லாம் செஞ்சு வரிசையா தயாரிப்பாங்க. லியர் அந்த படிய தாண்டிட்டாரு. முதல் விமானத்தையே உற்பத்திக்கான டூலிங்லதான் செஞ்சாரு. டிசைன் சரியா இருந்தா ரெண்டு மூணு வருஷம் மிச்சம். தப்பா இருந்தா அத்தனை டூலிங்கும் பழைய இரும்பு கடைக்கு, அவர் காசும் அதோட போச்சு. இறக்கை ஏற்கனவே பி-16ல பறந்து நிரூபிச்சது, அந்த தைரியத்துலதான் இத செய்ய முடிஞ்சுதுனு நான் நினைக்கிறேன். ஸ்விஸ் விமானம் லியருக்கு குடுத்த உண்மையான சொத்து அந்த நம்பிக்கைதான், வடிவம் கூட ரெண்டாம்பட்சம்.

அடுத்து எடை. அமெரிக்க சட்டத்துல 12,500 பவுண்டுனு ஒரு கோடு இருந்துச்சு. அதுக்கு மேல போனா விமானம் போக்குவரத்து வகை, பெரிய ஏர்லைன் விமானத்துக்கு என்னென்ன டெஸ்டோ கிட்டத்தட்ட எல்லாத்தையும் தாண்டணும், பணமும் வருஷமும் தண்ணியா கரையும். அதுக்கு கீழன்னா சின்ன விமான வகை, விதிமுறை லேசு. லியர் 23-ஓட அதிகபட்ச டேக் ஆஃப் எடை எவ்ளோ தெரியுமா, 12,499 பவுண்டு. ஒரே ஒரு பவுண்டு கம்மி. இந்த ஒரு பவுண்டுக்காக ஒவ்வொரு இஞ்சினியரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும், ஒவ்வொரு வயருக்கும் லியர் கணக்கு கேப்பாரு. கேபின் உயரம் நாலரை அடி கூட வராது, நிமிர்ந்து நிக்க முடியாது, குனிஞ்சு போய் உக்காரணும். நிக்க முடியலையேனு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதில் பிரபலம், கேடிலாக் கார்லயும்தான் நிக்க முடியாதுன்னாரு. உடம்பு பருமன் குறைஞ்சா காத்து தடை குறையும், எடை குறையும், எரிபொருள் குறையும், அதனால அது வீம்புக்கு சொன்ன பதில் இல்ல, மொத்த விமானமும் அந்த ஒரு கணக்குலதான் நிக்குது.

எஞ்சின் ஜெனரல் எலக்ட்ரிக்கோட சி.ஜே. 610. இதோட ராணுவ மூலம் ஜே85, அது முதல்ல மனுஷன் ஏறுற விமானத்துக்கே செஞ்சது இல்ல. பி-52 குண்டுவீச்சு விமானத்துலேர்ந்து விட்டா எதிரி ரேடார்ல இன்னொரு பி-52 மாதிரியே தெரியுற குவெயில்னு ஒரு ஏமாத்து ஏவுகணை, அதுக்காக செஞ்ச குட்டி எஞ்சின். அப்புறம் டி-38 பயிற்சி விமானத்துல போட்டாங்க. ஆளுங்க சேர்ந்தா தூக்கிடலாம்ங்கிற அளவு, எடை 400 பவுண்டு வாக்குல, ஆனா ஒவ்வொண்ணும் 2,850 பவுண்டு த்ரஸ்ட். ரெண்டும் சேந்தா 5,700. 12,499 பவுண்டு விமானத்துக்கு 5,700 பவுண்டு தள்ளுவிசைன்னா எடையில கிட்டத்தட்ட 46 சதவீதம், பயணிகள் விமானத்துல இதுக்கு கிட்ட கூட எதுவும் வராது. 1965-ல ஏழு பேர ஏத்திக்கிட்டு 40,000 அடிய 7 நிமிஷம் 21 செகண்டுல தொட்டுச்சு, அந்த காலத்து போர் விமானத்தோட போட்டி போடுற ஏத்தம் அது. குறைன்னு சொன்னா பேய்ச்சத்தம், எரிபொருளும் குடிச்சுத் தள்ளும், முக்கியமா கீழ் உயரத்துல.

1963 அக்டோபர் 7, முதல் பறப்பு, விசிட்டாவுல. டெஸ்ட் பைலட் ஹாங்க் பேர்ட், கூட பாப் ஹேகன். விமானத்தோட பதிவு எண்ல 801 வரும், அத ஞாபகம் வச்சுக்குங்க. இதே நேரம் ஏரோ கமாண்டர் கம்பெனியோட ஜெட் கமாண்டர் 1963 ஜனவரியிலயே பறந்திருந்துச்சு, லியரவிட எட்டு மாசத்துக்கு மேல முன்னாடி. விக்கலாம்னு அரசாங்கத்தோட சர்டிபிகேட் யாருக்கு முதல்ல கிடைக்குதோ அவங்களுக்குதான் சந்தை. வேலை ராப்பகலா நடந்துச்சு.

1964 ஜூன் 4. அரசாங்க விமானத்துறை எஃப்.ஏ.ஏ.வோட பைலட் ஓட்டுறாரு, டேக் ஆஃப்ல ஒரு எஞ்சின் நின்னா விமானம் எப்படி நடந்துக்குதுனு டெஸ்ட். அதுக்கு முந்தின டெஸ்டுக்காக இறக்கை மேல இருக்குற ஸ்பாய்லர தூக்கி வச்சிருந்தாங்க, அத கீழ இறக்க மறந்துட்டாங்க. ஸ்பாய்லர்ங்கிறது இறக்கையோட தூக்குவிசைய கொல்றதுக்குனே இருக்குற பலகை, இறங்கினதுக்கு அப்புறம் விமானத்த தரையில அமுக்கத்தான் அது. அத விரிச்சு வச்சுக்கிட்டு ஒத்தை எஞ்சின்ல மேல ஏற சொன்னா எந்த விமானம் ஏறும்? ரன்வே முடிஞ்சு கொஞ்ச தூரத்துல வயல்ல போய் இறங்கிருச்சு. உள்ள இருந்தவங்க காயமில்லாம நடந்து வெளிய வந்துட்டாங்க, ஆனா எரிபொருள் குழாய் உடைஞ்சு தீப்பிடிச்சு விமானம் அவங்க கண்ணு முன்னாடியே எரிஞ்சு போச்சு. அந்த 801 அதோட சரி.

வேற கம்பெனியா இருந்தா அங்கயே கதை முடிஞ்சிருக்கும். லியருக்கு ரெண்டு விஷயம் காப்பாத்துச்சு. தப்பு விமானத்தோடது இல்ல, ஓட்டினவங்களோடதுனு தெளிவா தெரிஞ்சுச்சு, இன்சூரன்ஸ் பணமும் கைக்கு வந்துச்சு, காசு வறண்டு கிடந்த நேரத்துல அது பெரிய மூச்சு. அப்புறம் அந்த டூலிங் சூதாட்டம் பலன் குடுத்தது இங்கதான், ப்ரோட்டோடைப்ப கையால செஞ்சிருந்தா இன்னொண்ணுக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும், இங்க லைன்ல அடுத்தடுத்த விமானம் தயாரா நிக்குது, டெஸ்ட் தொடர்ந்துச்சு. எரிஞ்சு ரெண்டு மாசம் ஆகுறதுக்குள்ள, ஜூலை 31, 1964, சர்டிபிகேட் வந்துருச்சு. முதல் பறப்புலேர்ந்து பத்து மாசம் கூட இல்ல. முன்னாடி பறந்த ஜெட் கமாண்டருக்கு நவம்பர்லதான் கிடைச்சுது. அக்டோபர் 13 அன்னிக்கு முதல் லியர்ஜெட் சின்சினாட்டியில இருந்த கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷனுக்கு போய் சேர்ந்துச்சு.

அந்த விமானத்த கிட்ட போய் பாத்தா எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன். கதவு ரெண்டா பிளக்கும், மேல்பாதி மேல போய் மழைக்கு குடை மாதிரி நிக்கும், கீழ்பாதி கீழ விழுந்து படியாகும், சிப்பி வாய் திறக்குற மாதிரி. முன்கண்ணாடி ரெண்டே பெரிய வளைஞ்ச துண்டு, நடுவுல ஒரு கம்பி. நான் வேலை பாத்த 35-லயும் இதே கதவு, இதே கண்ணாடி. எரிபொருள் போடுறதுக்கு டிப் டேங்க் மூடிய திறந்துதான் ஊத்தணும், நெஞ்சு உயரத்துலதான் இருக்கும், ஏணி வேணாம். ஆனா ஒரு பக்கத்த மட்டும் ரொப்பிட்டு அப்புறம் மறுபக்கம் போலாம்னு நினைச்சா விமானம் அந்த பக்கம் சாய ஆரம்பிச்சுரும், ஏன்னா கனம் மொத்தமும் இறக்கை நுனியில போய் உக்காருது, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளியோ கம்மி. இந்த பக்கம் பாதி, ஹோஸ இழுத்துக்கிட்டு சுத்தி அந்த பக்கம் முழுசு, திரும்ப வந்து மீதி. புதுசா வந்த ஒரு பையன் ஒருநாள் மத்தியானம் அவசரத்துல ஒரே பக்கம் ஊத்திட்டே போனான், விமானம் மெல்ல தலைசாயுறத நான் ஹேங்கர் உள்ளேர்ந்து பாத்து கத்துனது இன்னும் ஞாபகம் இருக்கு, நல்லவேளையா ஒண்ணும் ஆகல. இத ஏன் சொல்றேன்னா, இந்த விமானம் மன்னிக்காத குணம் தரையிலயே தெரியும்.

அங்கேர்ந்து ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், ஏன் ஆரம்பத்துல அவ்ளோ விபத்து. 1965 அக்டோபர்ல மிச்சிகன் மாநிலம் ஜாக்சன் பக்கத்துல ஒண்ணு, அடுத்த மாசமே கலிஃபோர்னியாவுல பாம் ஸ்பிரிங்ஸ்லேர்ந்து கிளம்பின ஒண்ணு, எட்டு பேர் போயிட்டாங்க. ரெண்டுமே இருட்டுல. ரெண்டுலயும் பைலட்டுக்கு விமானம் எந்த நிலையில இருக்குனு தெரியாம போனதுதான் முடிவா பேசப்பட்ட விஷயம், ஜாக்சன்ல மின்சார சப்ளை போய் கருவிங்க செயலிழந்திருக்கலாம்னு சந்தேகம். இதுங்க போக பயிற்சியில எஞ்சின் நின்ன மாதிரி நடிச்சு பழகும்போது விழுந்ததும் நிறைய.

என் கருத்து இது. அன்னிக்கு தேதிக்கு ஒரு கம்பெனி முதலாளியோட பைலட் யாரு? பத்து பதினஞ்சு வருஷமா ரெட்டை பிஸ்டன் எஞ்சின் விமானத்த 200 மைல் வேகத்துல, ரெண்டு மூணு கிலோமீட்டர் உயரத்துல ஓட்டினவரு. அவர்கிட்ட 500 மைலுக்கு மேல போற, 41,000 அடி ஏறுற, குட்டி போர் விமானம் மாதிரி துள்ளுற ஒண்ண சாவியோட குடுத்தாச்சு. பழைய விமானத்துல ஒரு நிமிஷம் கவனம் தப்பினா சில நூறு அடி மாறும், இதுல மூக்கு லேசா கீழ தாழ்ந்தாலே சில செகண்டுல வேக வரம்ப தாண்டிரும், அதிவேகத்துல மூக்கு தானா இன்னும் கீழ இழுக்கும், அதுலேர்ந்து வெளிய வர்றது ஜெட் பழகினவனுக்கே பாடு. இன்னிக்கு மாதிரி சிமுலேட்டர் பயிற்சி அப்ப கிடையாது, விமானத்துலயே பழகணும், அதனால பயிற்சியே ஆபத்தா இருந்துச்சு. இதோட அந்த 12,499 பவுண்டையும் சேர்த்து யோசிங்க, சின்ன விமான விதியில சர்டிபிகேட் வாங்கினதால பெரிய விமானத்துல கட்டாயமா இருக்குற சில பாதுகாப்பு அடுக்கு இதுல கட்டாயம் இல்ல. லியர் சட்டத்த மீறல, ஆனா அந்த சட்டத்த எழுதினவங்க அந்த எடையில இப்படி ஒரு வேகம் வரும்னு கனவுல கூட நினைச்சிருக்க மாட்டாங்க. எனக்கு லியர் மேல எவ்ளோ மரியாதை இருந்தாலும் இத மறைச்சு பேச மனசு வரல, அந்த ஒரு பவுண்டு மிச்சத்துக்கு விலை குடுத்தவங்க இருக்காங்க.

கம்பெனியே அத உணர்ந்துச்சுனு அடுத்த மாடல பாத்தா தெரியும். லியர்ஜெட் 24 1966 மார்ச்ல சர்டிபிகேட் வாங்குச்சு, இந்த தடவை 12,500 கோட்ட தாண்டி பெரிய விமானங்களுக்கான விதிப்படியே, பிசினஸ் ஜெட்ல அப்படி வாங்கின முதல் விமானம் அதுதான், பறவை மோதினா தாங்குற கண்ணாடி எல்லாம் வந்துருச்சு. அதே வருஷம் மே மாசம் ஒரு 24 உலகத்தையே சுத்தி வந்துச்சு, காத்துல மட்டும் 50 மணி 20 நிமிஷம். 23-ஐ 1966-லயே நிறுத்திட்டாங்க, மொத்தம் நூறு சொச்சம்தான் செஞ்சாங்க.

ஆனா அந்த நூறு செஞ்ச வேலை பெருசு. 1965 மே 21, லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து நியூயார்க் போய் திரும்பி வந்து 5,005 மைல், நடுவுல எரிபொருளுக்கு இறங்கினதெல்லாம் சேர்த்து 11 மணி 36 நிமிஷம், காலையில கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்னு முதலாளிங்களுக்கு கண்ணால காட்டுச்சு. ஃபிராங்க் சினாட்ரா ஒண்ணு வாங்கினாரு, அதுக்கப்புறம் ஹாலிவுட்ல லியர்ஜெட்னா பணக்காரத்தனத்துக்கு மறுபேரு ஆயிருச்சு. எக்சிக்யூடிவ் ஜெட் ஏவியேஷன்னு 1964-ல ஓய்வு பெற்ற விமானப்படை ஜெனரலுங்க தொடங்கின கம்பெனி பத்து லியர்ஜெட் 23-ஓட ஆரம்பிச்சுது, ஹிரோஷிமா மேல அணுகுண்டு போட்ட விமானத்த ஓட்டின பால் டிபெட்ஸ் பின்னாடி அதுக்கு தலைவரா இருந்தாரு. அந்த கம்பெனிதான் இன்னிக்கு நெட்ஜெட்ஸ்.

லியர் மட்டும் நிலைக்கல. டேப் பிளேயர், ஹெலிகாப்டர் கம்பெனினு ஒரே நேரத்துல பத்து பக்கம் கைய விட்டாரு, 1966-ல விற்பனை சரிஞ்சப்ப பணம் முட்டிருச்சு, 1967-ல டென்வர்ல இருந்த கேட்ஸ் ரப்பர் கம்பெனிக்கு தன் பங்க வித்துட்டாரு. விசிட்டாவுல மண்ணு தோண்டி அஞ்சு வருஷத்துக்குள்ள. அப்புறம் நீராவி கார், பஸ்சுனு போனாரு, 70-கள்ல லியர்ஸ்டார் 600னு இன்னொரு பிசினஸ் ஜெட் யோசனைய கனடாவோட கனடேர் கம்பெனிக்கு வித்தாரு, அத அவங்க நிறைய மாத்தி சேலஞ்சர்னு பண்ணாங்க. 1978-ல ரீனோவுல காலமானாரு. கடைசியா கைவச்சிருந்த லியர் ஃபேன் விமானத்த அவர் மனைவி மோயா விடாம எடுத்து நடத்தி, 1981 ஜனவரி 1 அன்னிக்கு பறக்க வச்சாங்க. பம்பார்டியர் 1986-ல கனடேர வாங்குச்சு, 1990-ல லியர்ஜெட்டையும் வாங்குச்சு, ஆக அவரோட ரெண்டு பிள்ளைங்களும் அவர் போனதுக்கப்புறம் ஒரே கூரைக்கு கீழ வந்துட்டாங்க.

அந்த ஸ்விஸ் இறக்கை என்ன ஆச்சுனு கேட்டா, நீட்டி, குறுக்கி, நுனிய மாத்தினு பல மாடல்ல தொடர்ந்து வந்துச்சு. இறக்கையிலேர்ந்து எல்லாமே புதுசா வரைஞ்ச முதல் லியர்ஜெட் 45தான், அது முதல்ல பறந்த தேதி 1995 அக்டோபர் 7, 23 பறந்து சரியா 32 வருஷம் கழிச்சு அதே நாள். கடைசி லியர்ஜெட் 2022 மார்ச்ல விசிட்டாவுல டெலிவரி ஆச்சு, மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல. 23-ல ரெண்டாவதா செஞ்ச விமானம், எரிஞ்ச 801-க்கு அடுத்த 802, வாஷிங்டன் பக்கத்துல ஸ்மித்சோனியனோட உத்வார் ஹேஸி மையத்துல இருக்கு. அந்த பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா இறக்கைய பக்கவாட்டுல நின்னு பாருங்க, எவ்ளோ மெல்லிசுனு அப்பதான் தெரியும்.